அங்கே வயல் இல்லை

அக்கா மகள் போன வாரம் போனில் ஒரு மேப் அனுப்பியிருந்தாள். கொல்லிமலை ஏறி இறங்கி, மேட்டூர், ஒகேனக்கல் பள்ளத்தாக்கு, அப்படியே சுற்றிக்கொண்டு தஞ்சாவூர். கூடவே அவள் குரல்: "சனி ஞாயிறுல போய்ட்டு வந்துடலாம் மாமா. அம்மாவும் வர்றாங்க. நீங்க முன்னாடி உக்காந்துக்குங்க." முன்சீட்டு என்றதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இதே சுற்றுக்கு நாங்கள் ஒருமுறை கிளம்பியிருக்கிறோம். இவள் அப்போது அக்கா வயிற்றில் ஐந்து மாதம். எனக்குத் தஞ்சாவூரில் வேலை கிடைத்த புதிது. மலை பார்க்க வேண்டும் என்பது அக்காவின் மசக்கை ஆசை. அத்தானுக்குக் கீழ்வேளூர்ப் பக்கம் நெல் சாகுபடி. பேப்பரை விரித்தால் மேட்டூர் நீர்மட்டம் பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்தி. "மலையெல்லாம் உங்க அக்காவுக்குடா. நமக்கு ஒகேனக்கல்ல தண்ணி எப்படி வருதுன்னு பாத்தா போதும்" என்றார்.

எங்கள் பக்கம் மேடு என்றால் வாய்க்கால் பாலம்தான். அதன் உச்சிக்கு வந்ததும் காரை நியூட்ரலில் தள்ளி, டீசல் மிச்சம் என்று மறுபக்கம் உருளவிடுவார் அத்தான். எதிரே பஸ் முட்டிக்கொண்டு வந்தால் இடதுபக்கம் வயலில் இறக்கிவிட வேண்டியது. நாற்று கொஞ்சம் மடியும், வயல்காரர் வாயில் நாலு வார்த்தை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சேற்றில் இறங்கிச் செத்தவர் யாரும் இல்லை.

மலை ஏறும்போது முன்சீட்டில் நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். இயற்கையை ரசித்த லட்சணம் அது. மேலே சாப்பிட்டுவிட்டு இறங்கத் தொடங்கினோம். அத்தான் கை தன்பாட்டுக்கு நியூட்ரலுக்குப் போனது. முதல் சில வளைவுகள் சுகமாகவே இருந்தன; கியர் பிடிப்பு இல்லாத வண்டியைப் பிரேக் ஒன்றே தாங்கியது. பிறகு எலுமிச்சை வாசனையையும் மீறி ஒரு நெடி.

"என்னங்க, என்னமோ கருகுதே" என்றாள் பின்சீட்டிலிருந்து அக்கா.

"டயர் வாடை. நீ தூங்கு."

நான் அவர் காலைப் பார்த்தேன். பிரேக் தரைவரை போனது, வண்டி கேட்கவில்லை. கியரைப் போடப் பார்த்தார். கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. ஹேண்ட் பிரேக் சும்மா கையோடு வந்தது. அப்படி ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை. கீழே வளைவுக்கு அப்பால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

"எறக்கிடுறேன்டா" என்று அத்தான் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர். அதற்கப்புறம் வெறும் வெயில்.

"அங்க வயலு இல்லங்க!"

தூங்குவதாக நாங்கள் நினைத்த அக்காதான் கத்தினாள். அத்தான் வலதுபக்கம் திருப்பினார். வண்டி பாறையில் உரசி, மலையோரச் சாக்கடையில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அத்தான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அசையிது, ஒண்ணுமில்ல, அசையிது" என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒகேனக்கல் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

அதோடு நியூட்ரலை விட்டுவிட்டார். இடதுபக்கம் இறக்குவதை மட்டும் விடவில்லை. எதற்கு விட வேண்டும்? ஊரில்தான் வயல் இருக்கிறதே.

இருந்தது. ரோட்டோர வயல்கள் ஒவ்வொன்றாக மனையாகிவிட்டன. கல் நட்டார்கள், கலர்க்கொடி கட்டினார்கள், காம்பவுண்டு எழுப்பினார்கள். போன வருஷம் அத்தான் வேளாங்கண்ணியிலிருந்து தனியாகத் திரும்பும்போது ஒரு லாரி நேரே ஏறி வந்திருக்கிறது. இடதுபக்கம் ஒடித்திருக்கிறார். ஆயுசெல்லாம் பார்த்த இடம்தான், சுவர்தான் புதுசு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: "நான் வண்டியில இருந்திருந்தா சொல்லியிருப்பேன்டா."