வேலை தீர்ந்தால் தின்றுவிடுவான்

மாவீரர்களை வரவழைக்கும் மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தே என் பிராணனை வாங்கியவர் என் மாமா. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மில் ஒன்றில் வேலை. தங்கல் எங்கள் வீட்டில். அவர் அவிழ்த்துவிடும் கதையில் ஒரு நாடு. அங்கே செத்துப்போன மாவீரர்கள் பூமிக்கடியில் தூங்குகிறார்கள். ஆபத்து என்றால் உப்பால் வட்டம் போட்டு, உள்ளே நின்று, இரும்பைத் தட்டிக் கூப்பிடலாம்.

கூப்பிட்டேன். ஒரு பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், கல்லுப்பா தூளுப்பா என்றார். கல்லுப்பு போட்டேன், கிழக்கே பார்த்து நின்றாயா என்றார். நின்றேன், நிஜமான ஆபத்து இருந்ததா என்றார். ரேஷன் கடையில்கூட மனுஷனை இப்படி அலைக்கழிக்க மாட்டார்கள்.

ஒரு சட்டத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை: "வந்தவனுக்கு வேல குட்த்துக்கினே இருக்கணும்டா. வேல தீந்துச்சுன்னா கூப்ட்டவனையே துன்னுடுவான்."

அம்மா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில் கயிறு அறுந்து, அவருடைய பித்தளைக் குடம் கிணற்றில் விழுந்தது. ஆபத்து என்றால் இதுதான் ஆபத்து. உப்பு ஜாடியைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். கிழக்கே பார்த்துக் கடப்பாரையைத் தட்டினேன்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். உச்சி முதல் பாதம் வரை கரி. கண்கள் மட்டும் சிவப்பு.

"மாமன் கீறாரா நைனா?"

இல்லையென்று தலையாட்டினேன். என் நாக்கு எப்போதோ ஓடிவிட்டிருந்தது. கால்களுக்குத்தான் அந்தப் புத்தி வரவில்லை.

"ஊட்ல எதுனா வேல கீதா?"

கிணற்றைக் காட்டினேன். உள்ளே இறங்கிக் குடத்தோடு ஏறி வந்தான். கரி பாதி கரைந்து முன்னைவிடப் பயங்கரமாக இருந்தான்.

"வேற?"

விறகைக் காட்டினேன். பிளந்தான். "வேற?" பிளந்த விறகை வேலியோரம் அடுக்கச் சொன்னேன். அடுக்கினான். "வேற?" அதையே மறுபடி கிணற்றடிக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் சுமந்தான்.

"வேற?" இந்தத் தடவை என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டான்.

நான் போட்ட கூச்சலில் கோழிகள் கூரையேறின. நல்லவேளை, அம்மா கூடையோடு நுழைந்தார்.

"இன்னாப்பா, மில்லுலேர்ந்து நேரா வர்றியா?"

"காலைல வேலைய உட்டு நிறுத்திட்டாங்கக்கா. அண்ணன் கைல சொல்லி வெச்சா, வேற எங்கினா..."

அம்மா அவனை உட்காரவைத்துச் சோறு போட்டார். போடப்போடச் சாப்பிட்டான். அவ்வளவும் நானாக இருந்திருக்க வேண்டியது என்று வட்டத்துக்குள்ளேயே நின்று எண்ணிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமாவிடம் மந்திரம் பலித்ததைச் சொன்னேன். விறகை அங்கும் இங்கும் சுமக்கவைத்த என் சாமர்த்தியத்தையும் சேர்த்துத்தான். மாமா சிரிக்கவில்லை. அவன் வேலை போனதை அம்மா சொன்னதும், டீயைக்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு, எவ்வளவு நச்சரித்தும் அந்த நாட்டுக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

அவருக்கு வராத மாவீரன் எனக்கு வந்துவிட்டானே என்ற பொறாமை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.