சின்னக் கிராணி எழுதிய வயது

மூன்றாவது படிவரை ஏறுவார். கைப்பிடியைப் பிடித்தபடி மேலே பார்ப்பார். பிறகு இறங்கிவிடுவார். கிள்ளானில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். சத்தியப் பிரமாணம் செய்து முத்திரை வாங்குகிற இடம். சனங்கள் 'சும்பா ஆபீஸ்' என்பார்கள். 1982, மார்ச் மாதத்து வெயில். பட்டச் சான்றிதழின் நகல்களுக்கு முத்திரை வாங்க, புதுச் சட்டையோடு அவர் பின்னால் நின்றான் இதை எழுதுகிறவன். இரண்டாவது தடவை இறங்கியபோது அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"நீர் போம், தம்பி. எனக்கு இன்னும் யோசிக்க இருக்கு." முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "இருபத்தி மூண்டு. இருபத்தி நாலு இன்னும் ஆகேல்ல. சரியோ?"

சரியாகத்தான் இருந்தது. எதிரில் வருகிறவர் யாரானாலும் கழுத்தையும் முழங்கையையும் பார்த்து வயதை மனதுக்குள் எழுதிக்கொள்வது முத்துக்குமாருவின் வழக்கம். முப்பது வருடம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, கணக்கெழுதுகிறவராக இருந்தவர். அறுபத்தொரு வயது. வீடு பிரிக்பீல்ட்சில்.

உயரமான மனிதர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். காற்சட்டை தொப்புளுக்கு மேலே நிற்கும். கக்கத்தில் ஜிப் வைத்த ஒரு கறுப்பு ஃபைல் பை. பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். "இருந்தால் நித்திரை வரும். நித்திரை வந்தால் நான் இறங்கிற இடம் போயிடும்" என்பார். தேநீரை நின்றுகொண்டே, ஆறவிடாமல் குடிப்பார். அவர் மனைவி பூரணத்துக்கு இதெல்லாம் பழைய குறை. "கட்டி முப்பத்திநாலு வருசம், தம்பி. இந்த மனுசன் ஒரு சோத்துக் கோப்பையை இருந்து முடிச்சதை நான் காணேல்ல. கறியை எடுக்க நான் குசினிக்குப் போய் வாறதுக்கிடையில கேற்றடியில நிப்பார்."

ஓய்வு பெற்ற பிறகு அவர் தேடிக்கொண்ட வேலைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆளில்லாத கிழவர்களுக்குக் கட்டில் தேடுவது. கிள்ளானிலிருந்து கடலோரமாகக் கேரி தீவுவரை தோட்டங்கள், கம்பங்கள் எனும் மலாய்க் கிராமங்கள், சீனர் குடியிருப்புகள் எல்லாம் அவர் நடந்த நிலம். எந்த இல்லம் என்ன கடிதாசி கேட்கும், எங்கே காசநோய் எக்ஸ்ரே இல்லாமல் கேட்டையே திறக்க மாட்டார்கள், எந்த மேற்பார்வையாளரிடம் காலையில் பேசக்கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு கம்பத்துத் தலைவர், மகன் கைவிட்ட ஒரு ஜாவாக்காரக் கிழவருக்காக அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். மீன் கிட்டங்கிக்குப் பின்னால் படுத்துக் கிடந்த ஒரு ஹொக்கியன் சீனக் கிழவரைப் பற்றிப் பண்டமாரான் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். செராசில் கன்னிமார் நடத்தும் இல்லத்தில் இவர் தலை தெரிந்ததுமே சிஸ்டர், "கட்டில் இல்ல, மிஸ்டர் முத்துக்குமாரு. லிஸ்ட் மட்டும்தான் இருக்கு, எழுதிக்கவா?" என்று சிரிப்பாராம். "எழுதுங்கோ, சிஸ்டர். லிஸ்ட்டும் ஒருநாள் சாகும்" என்று இவரும் எழுதவைத்துவிட்டுத்தான் வருவார்.

அப்படிப்பட்டவர் ஒரு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது மாரியாயியால்.

கேரி தீவில், அவர் வேலை பார்த்த தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கடைசியில் தனியாக இருந்தாள் மாரியாயி. புருஷன் ஜப்பான்காரன் காலத்தில் ரயில் போடப் போனவன், வரவில்லை. ஒரே மகள் லெட்சுமி, முதல் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். முழங்கால் இரண்டும் வீங்கி, தண்ணீர்க் குழாய்க்குப் போவதற்கே மாரியாயிக்குக் கால் மணி நேரம் ஆகும். லயத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். ஏப்ரல் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

முத்துக்குமாரு முதலில் அவளைப் பண்டமாரானில் ஒரு சீனச் சங்கத்தின் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். பலகை வீடு, சுத்தமான பாய், வயது கேட்காத இடம். நான்காம் நாள் காலையில் அவள் துணி மூட்டையோடு கிள்ளான் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். தகவல் கேட்டு ஓடிய முத்துக்குமாரு, கோபத்தில் குடையைத் தரையில் குத்தினார்.

"என்ன குறை அங்க உனக்கு?"

"ஒரு கொறையும் இல்லீங்க கிராணியாரே. அந்தச் சீனத்தி தங்கமானவ. கஞ்சிய ஊட்டிவிடவே வந்தா. ஆனா அவ பேசுறது எனக்கு வெளங்கல, நான் பேசுறது அவளுக்கு வெளங்கல. மூணு நாளு பேசாம கெடந்து என் வாயி எனக்கே நாறிப்போச்சு."

குடை நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது அரசாங்க முதியோர் இல்லம் ஒன்றுதான். அங்கே பெண்கள் பகுதியில் நான்கு தமிழ்க் கிழவிகள் இருப்பதை ஏற்கெனவே போய்ப் பார்த்து வைத்திருந்தார். அதில் ஒருத்தி வாயாடி என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். வெல்பேர் ஆபீசில் புவான் ஹலிமா அவருக்குப் பழக்கம். மாரியாயியை எதிரே உட்காரவைத்து, அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார்.

"தாக் போலே லா, பாக்சிக்."

முடியாது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அட்டைப்படி மாரியாயி பிறந்தது 1924. அப்படியானால் ஐம்பத்தெட்டு. இல்லத்தில் சேர அறுபது நிறைய வேண்டும். "பார்த்தாலே எழுபது தெரிகிறது. ஆனால் ஃபாரம் என் கண்ணைக் கேட்காதே, அட்டையைத்தானே கேட்கும்?" என்று மலாயில் சொன்ன ஹலிமா, மற்றக் காகிதங்களைப் புரட்டினார். செத்துப்போன மகளின் பிறப்புச் சான்றிதழ் அகப்பட்டது. 1932. விரல்விட்டு எண்ணினார், சிரித்துவிட்டார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"எட்டு வயதில் பிள்ளை பெற்றாரா? ஒன்று, இவர் அந்த மாரியாயி இல்லை. இல்லையென்றால் அட்டை பொய். அட்டை பொய்யென்று தெரிந்தவர் யாராவது சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்."

முத்துக்குமாரு காகிதங்களைப் பைக்குள் அடுக்கி ஜிப்பை இழுத்தார். மாரியாயியை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த வயதை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியும்.

1948-இல் அவர் சின்னக் கிராணி, இருபத்தேழு வயது. நாடு முழுக்க அடையாள அட்டை கொடுத்த வருடம். காலைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, படம் பிடிப்பவன் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தின வாரமே லயத்தில் ஒரு புரளி: நாற்பதைத் தாண்டியவர்களைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்கள். ஊரில் காணியும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. வரிசையில் வந்த ஒவ்வொருவரும் மேசைமேல் குனிந்து கெஞ்சினார்கள்.

"கேட்டவைக்கெல்லாம் பத்து, பன்னிரண்டு எண்டு குறைச்சுக் குடுத்தன், தம்பி. கோயில்ல சர்க்கரைப் பொங்கல் அள்ளிக் குடுக்கிற மாதிரி. பெரிய கிராணி வந்து பாக்கிறதுக்குள்ள முழு லயத்தையும் இளசாக்கிப் போட்டன்." படிக்கட்டின் கீழே நின்று இதைச் சொன்னபோது ஒருகணம் அவர் முகத்தில் அந்தப் பழைய பெருமை வந்துவிட்டுப் போனது. "பிறகு நடந்ததைக் கேளும். ஐம்பத்தஞ்சில ஓய்வு. அட்டையில ஐம்பத்தஞ்சு வரேக்க ஆளுக்கு அறுபத்தெட்டு. நான் குடுத்தது வயசெண்டு நினைச்சன். பதின்மூண்டு வருசம் கூட வேலை செய்ய விட்டிருக்கிறன்."

பூரணத்துக்கு வேறு பயம். பொய்த் தகவல் கொடுப்பது அன்றைக்கே குற்றம். "இஞ்சருங்கோ, முப்பத்திநாலு வருசத்துக்குப் பிறகு நீங்களாப் போய் மாட்டுப்படப் போறியள். உள்ளுக்குப் போட்டாங்களெண்டால் நான் ஆரிட்டப் போய் நிக்கிறது? எனக்கும் ஒரு கட்டில் பாத்து வைச்சிட்டுப் போங்கோ." கடைசி வாக்கியத்தை அவள் நையாண்டியாகத்தான் சொன்னாள். அவர் அன்று இரண்டு வாய் சாப்பிட்டதோடு எழுந்துவிட்டார்.

இரண்டு வாரம் வேறு வழி தேடி அலைந்தார். செராஸ், பந்திங், மறுபடி செராஸ். தோட்டத்துக்கும் ஒருநாள் போய் மாரியாயியிடம் விஷயத்தை உடைத்தார். வயதைத் தானே அதிகமாகக் குறைத்துவிட்டதாகத் தலையைக் குனிந்து சொன்னார். அவளோ பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"அத ஏன் கேக்குறீங்க! இருவத்திநாலுன்னு எழுதிட்டீங்க. அடுத்த வாரமே மேட்டு லயத்துக் கன்னையா, கட்டிக்கிறியான்னு ஆளு வுட்டான். பதினாறு வயசுல மவ வச்சிருக்கேன்டா பாவின்னு வெளக்குமாத்தத் தூக்குனேன்."

சிரிப்பு அடங்கியதும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல? ஆவும்னா வேணாங்க. இடிக்கிறப்ப பாத்துக்கலாம்."

அந்தக் கேள்விதான் அவரை மறுநாள் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

சத்தியக் கடிதாசியை மலாயில் எழுத வேண்டும். அவர் ஆங்கிலத்தில் படித்தவர். மலாயில் பட்டம் எடுத்தவன், இதை எழுதுகிறவன், பக்கத்திலேயே நிற்கிறான். காப்பிக்கடை மேசையில் வாக்கியம் வாக்கியமாக எழுதப்பட்டது. குறைத்து எழுதியதைப் பற்றிய இடம் வந்ததும், 'தவறுதலாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சட்டத்தில் தப்பிக்கலாம் என்று படித்தவன் புத்திசாலித்தனமாக யோசனை சொன்னான். அவருக்கு அது பிடித்திருந்தது. எழுந்தார். கடைவாசல் நடைபாதையான ஐந்தடிவழியில் தூண்வரை நடந்தார், திரும்பினார். மறுபடி நடந்தார்.

"வேண்டாம். அடியும் அதை."

"அங்கிள், கேஸ் வந்துச்சின்னா அந்த ஒரு சொல்லு உங்கள காப்பாத்தும்."

"என்னைக் காப்பாத்தும். அவளை? தவறுதலா எழுதினது எண்டால் எது சரியான வயசெண்டு திருப்பிக் கேப்பினம். எனக்குத் தெரியாதெண்டுதான் சொல்ல வேணும். தெரிஞ்சு குறைச்சன் எண்டால்தான், எவ்வளவு குறைச்சதெண்டும் எனக்குத் தெரியும். முப்பத்தேழு எண்டு அவள் சொன்னாள், இருபத்திநாலு எண்டு நான் எழுதினன். அப்படியே போடும்."

அப்படியே போடப்பட்டது. இந்த முறை நான்காவது படியைத் தாண்டி மேலே போனார். முத்திரை குத்துகிறவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யூ ஷூர், அங்கிள்?" "ஷூர்." நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போட்டார்.

புவான் ஹலிமா அதை இரண்டு தடவை படித்தார். ஒரு பிரதியை மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும், அங்கிருந்து என்ன வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். "ஹந்தார் லா, புவான்" என்று, அனுப்பச் சொல்லிவிட்டார் இவர். அன்று ஹலிமா அவரைப் பஸ் நிறுத்தம்வரை கூட வந்து விட்டுப் போனார்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி மாரியாயி இல்லத்துக்குள் நுழைந்தாள். வாசலிலேயே அந்த வாயாடிக் கிழவி, "எந்தத் தோட்டம்? எத்தினியாம் நம்பர் லயம்?" என்று ஆரம்பித்துவிட்டாள். உள்ளே தாதி ஒருத்தி ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்று ஒரு கட்டம். மாரியாயி கூரையைப் பார்த்தாள். முத்துக்குமாரு ஃபாரத்தைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயரையும் பிரிக்பீல்ட்ஸ் முகவரியையும் எழுதினார். பக்கத்துக் கட்டம், உறவுமுறை. கொஞ்சம் நின்று, 'கிராணி' என்று எழுதினார். அது உறவில்லையே என்று தாதி சிரித்தாள். அவர் அடிக்கவுமில்லை, மாற்றவுமில்லை. ஃபாரத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் குடையைத் தேடினார்.

இப்போது ஆகஸ்ட். மாரியாயி சன்னல் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறார்கள். பேச்சுச் சத்தம் அதிகம் என்று இரண்டு தடவை புகார் வந்திருக்கிறது. அதே தோட்டத்தில், அதே கையெழுத்தில் வயது குறைந்தவர்கள் இன்னும் ஆறு பேர். புதன்கிழமைதோறும் முத்துக்குமாரு கேரி தீவுக்குப் போகிறார். மூன்று பேருக்குச் சத்தியக் கடிதாசி ஆகிவிட்டது. இல்லத்திலிருந்து பதில் வர வேண்டும். அவர்மேல் வழக்கு உண்டா என்ற மேலிடத்துப் பதிலும் இன்னும் வரவில்லை. தபால்காரரின் மோட்டார்சைக்கிள் சந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டால், செருப்பைக்கூட மாட்டாமல் கேட்டடிக்குப் போய்விடுகிறார். எந்தக் கடிதமானாலும் வெயிலில் நின்றபடியே பிரிக்கிறார்.