காந்தம் ஒட்டாத போல்ட்

என் மகளுக்கு இப்போது காந்தப் பைத்தியம். பள்ளியில் கொடுத்த ஒரு துண்டுக் காந்தத்தோடு வீடு முழுக்க அலைகிறாள். பீரோ, கரண்டி, என் பெல்ட்டின் கொக்கி எல்லாம் சோதித்தாயிற்று. நேற்று மேசை டிராயரில் கிடந்த, பாதி கடைந்த போல்ட் ஒன்றில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. "இது டூப்ளிகேட்டுப்பா" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள். எடுத்து மோந்து பார்த்தேன். எண்ணெய் வாடை எப்போதோ போயிருக்க வேண்டும், ஆனால் எனக்கு அடித்தது.

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் சிக்கந்தரும் நானும் கூட்டாக லேத் பட்டறை வைத்திருந்தோம். அவன் உத்தமபாளையத்துக்காரன், என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன். நூல் மில்லுக்கு ரோலர், ஜீப்புக்குப் புஷ் என்று கடைந்துகொண்டிருந்தோம். மில் மூடியதும் வேலை வறண்டது. அப்போதுதான் கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர் பதினான்கு கம்பித் துண்டுகளை அனுப்பினார். பன்னிரண்டு போல்ட் தேறினால் மாதாமாதம் வேலை உண்டு. தேறாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுக் குமுளிக்கு ஜீப் ஓட்டப் போவதாகச் சிக்கந்தர் சொல்லியிருந்தான். அது நிக்கல் கலந்த, காந்தம் ஒட்டாத உலோகமாம். மற்ற இரும்பு இளகிப்போகும் சூட்டிலும் விறைப்பாக நிற்குமாம். எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டால், ஏதோ இஞ்சின் என்பதற்கு மேல் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. எனக்கு அன்றிலிருந்து அதே யோசனைதான்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். பட்டறை வாசலில் யார் கால் வைத்தாலும் கம்பியைச் சீவும் டூலின் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தைத் திருப்பி, "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவன் என்று பேராகிவிடும். கம்பி சுழன்றுகொண்டேயிருக்கும். டூல் மட்டும் நகராமல் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நிற்கும். சாதாரண இரும்பு இதையெல்லாம் கண்டுகொள்ளாது.

முதல் துண்டைப் போட்டபோது டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வந்தார். வாங்க சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினால் கிரீச்சென்று அலறி டூல் முனை உடைந்தது. புது டூல் போட்டு இரண்டாவது துண்டு. வடுகபட்டிப் பூண்டு வியாபாரி மோட்டார் ஷாஃப்ட்டோடு வந்தார். வாங்க. மறுபடி உடைந்தது. இரண்டிலும் மோதிரம் போட்டது மாதிரி ஒரு பளபளப்பு வளையம். சிக்கந்தர் அரத்தால் தேய்த்துப் பார்த்தான். மற்ற இடத்தில் பிடித்த அரம் வளையத்தில் மட்டும் வழுக்கியது.

"ஏலே, இது நீ வாங்க சொன்ன எடம்டா" என்றான்.

உரச உரச இறுகுகிற உலோகம்! எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் அதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். டூலை வைத்தால் நிற்காமல் ஒரே ஓட்டம், மூன்று நிமிஷம். வருகிறவர்களுக்குச் சிக்கந்தர் வாங்க சொல்லிக்கொண்டான். அப்படியே பதினொன்று முடிந்தது.

மிச்சம் ஒரே துண்டு. சிக்கந்தர் எண்ணெய் வாங்கப் போயிருந்தான். வெட்டு பாதியில் இருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. நான் திரும்பாமல் இடது கையைத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. முடித்துவிட்டுத் திரும்பினால் ஆள் இல்லை. ஒரு பை பன்னீர் திராட்சை மட்டும் இருந்தது.

சிக்கந்தர் வந்து, "ஒங்க கூடலூர் மாமா பஸ் ஏறிட்டாகளே, பாத்தியா?" என்றான்.

அக்கா கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியதற்காக நான்கு வருஷம் எங்களோடு பேசாத தாய்மாமன். தபாலில் போட்ட அறிவாளி நானேதான். அவராக இறங்கி வந்திருக்கிறார், நான் முதுகைக் காட்டியிருக்கிறேன். பன்னிரண்டு போல்ட்டும் தேறியது எனக்கு அன்று இனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வளையம் விழுந்த துண்டுகளில் ஒன்றோடு, இப்போது டிராயரில் கிடக்கிறதே அதோடு, கூடலூர் போனேன். மாமா முகம் கொடுக்கவில்லை. "வராதன்னு நீ கையத் தூக்குனேன்னுதேன் நெனச்சேன்" என்றார். நான் துண்டையும் ஒரு அரத்தையும் அவர் கையில் கொடுத்தேன். தேய்த்தார். வழுக்கியது. தள்ளித் தேய்த்தார், பிடித்தது. நாலைந்து தடவை அதையே செய்தார்.

"அப்ப நிக்காம ஓட்டணும்?"

"ஆமா மாமா."

"சரி. இனிமே நீ முடிக்கிற மட்டும் நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். தேனிக்கு வரும்போதெல்லாம் திராட்சைப் பையோடு வாசலில் நிற்பார், லேத் ஓய்ந்த பிறகுதான் உள்ளே வருவார்.

இப்போது எங்களிடம் இருப்பது கம்ப்யூட்டர் மிஷின். கதவை மூடினால் அதுபாட்டுக்கு வெட்டும். யார் வந்தாலும் எழுந்து வாங்க சொல்ல எனக்கு நேரம் உண்டு. ஆனால் டிராயிங் போனில் வருகிறது, போல்ட் கூரியரில் போகிறது. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் வந்த நாட்களில் பாதிக்கு மேல் நான் கடைந்தது சாதாரண இரும்புதான். எந்த இடத்திலும் நிறுத்தியிருக்கலாம். எனக்காக ஒருவர் வாசலில் நிற்பது பிடித்திருந்தது, அதனால் அதை அவரிடம் கடைசிவரை சொல்லவேயில்லை.