டிராமுக்குப் பின்னால் ஓடினேன்

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம், நான்கு வயது மகள் சுதாவுடன் காளிகாட் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். டிராம் வந்ததும் அவளை முதலில் ஏற்றிவிட்டு, கீழே வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் டிராம் நகர்ந்துவிட்டது.

"ரோக்கோ! ரோக்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். டிராம் ஒன்றும் வேகமாகப் போகவில்லை. ஆனாலும் கொஞ்ச தூரத்திலேயே எனக்கு மூச்சு முட்டி, கண் இருட்டி, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இருபத்தெட்டு வயதுதான்.

பிறகு எழுந்து, அழுதுகொண்டே அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு வங்காளி அம்மாள் சுதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தைக்காகவே இறங்கியிருக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

சுதா அழவில்லை. "ஜன்னல் வழியா பாத்துண்டே இருந்தேன். நீ ஏம்மா உக்காந்துட்டே?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடிதான் டிராமில் ஏறுகிறேன். ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி, தினமும் காலையில் குவார்ட்டர்ஸைச் சுற்றி ஓடுகிறேன். முதல் நாள் பாதிச் சுற்றிலேயே நின்றுவிட்டேன். இப்போது நான்கு சுற்று முடிகிறது. சுதா வாசற்படியில் உட்கார்ந்து எண்ணுகிறாள்.