ஒரு விரல் அகல இடம்

கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் மையத்தில் நாகவேணி மேடம் தன் கட்டை முடித்ததும் பக்கத்து மேசையிலிருக்கும் என்னிடம் வருவார். "மேஷ்ட்ரே, இருபத்தேழு இருக்கா?" என்று கடையில் கொத்தமல்லி கேட்பதுபோலக் கேட்பார். கணக்கில் தேற எண்பதுக்கு இருபத்தெட்டு வேண்டும். ஒற்றை மதிப்பெண்ணில் விழுகிற தாளைத் தான் ஒருமுறை படிக்காமல் கட்டுக்குள் போகவிட மாட்டார்.

இரக்கப்பட்டு மதிப்பெண் போடுபவர் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே ஓர் இருபத்தேழை என்னிடம் திருப்பித் தந்தார். "கேள்வியையே மூணு தடவை எழுதி வச்சிருக்கு இந்தப் புள்ள. கையெழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

சித்லகட்டாவில் பட்டு நூல் எடுக்கும் வீட்டில் பிறந்தவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண்ணில் விழுந்து, ஒரு வருடம் முழுக்கக் கொதிநீரில் கூடு துழாவியவர். விரல் நுனிகளில் தழும்பு இன்னும் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் போனால் இன்னொரு டியூஷன். கூலி வீட்டுப் பிள்ளைக்குப் போனால் படிப்பே போய்விடும்.

நான் கொடுத்த இரண்டாவது தாளில் பல்லுறுப்புக்கோவை வகுத்தல். x³ − 7x + 6 என்பதை x − 2 ஆல் வகுக்க வேண்டும். நடுவில் x² இல்லை. அந்த இடத்தில் 0x² என்று எழுதிக்கொள்ளாவிட்டால் அடுத்த உறுப்பு அங்கே நகர்ந்து கணக்கே குலைந்துவிடும். இந்தப் பிள்ளை பூஜ்ஜியம் எழுதவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தது. விடை சரி. விடைக்குறிப்பு 0x²க்கு ஒரு மதிப்பெண் என்றது, நான் வெட்டியிருந்தேன்.

மாற்ற வேண்டுமானால் துணைத் தலைமைத் தேர்வாளர் தொட்டரங்கப்பா கையெழுத்துப் போட வேண்டும். மணி பத்தே முக்கால். ராகு காலம் என்று பேனாவைப் பையில் செருகியிருந்தார். பதினோரு மணிக்குக் கட்டுக்கு அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். நாகவேணி தாளை அவர் முன் வைத்தார்.

"பூஜ்ஜியம் எழுதல மேடம். குறிப்புன்னா குறிப்புதான்."

"எழுதலதான் சார். ஆனா இடம் விட்டிருக்கு. அங்க ஒண்ணு வரணும், இப்ப இல்லன்னு தெரியாத புள்ள எதுக்கு இடம் விடும்?"

"கை நகர்ந்திருக்கும்."

"கை நகர்ந்தா, கீழ வர்ற எக்ஸ் ஸ்கொயர் அந்த இடத்துக்கு நேரா வந்து உக்காருமா?"

நாகவேணி தொட்டரங்கப்பாவின் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"ஹொன்னப்பா மேஷ்ட்ரு இன்னைக்கு லீவு. அவர் கட்டம் காலி. அதுக்குன்னு அடுத்த பேருக்காரி நான் மேல ஏறி அவர் கட்டத்துல கையெழுத்துப் போட்டேனா?"

"போட்டிருந்தா மெமோ குடுத்திருப்பேன்."

"அதையேதான் இந்தப் புள்ளயும் செஞ்சிருக்கு. எனக்குச் சம்பளம், அதுக்கு ஃபெயிலா சார்?"

நான்கைந்து மேசைகள் சிரித்தன. தொட்டரங்கப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, பன்னெண்டுக்கு மேல வாங்க."

"பதினொண்ணுக்குக் கட்டு போயிடும். ராகுவுக்கு வகுத்தல் தெரியுமா சார்?"

பேனா மெதுவாக வெளியே வந்தது. "ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் மேடம்."

"ஆகும் சார். ஒரு புள்ள பாஸ் ஆகும்."

தாளில் பெயர் இல்லை, எண்தான். ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நான் இருபத்தேழை அடித்து இருபத்தெட்டு என்று எழுதினேன்; தொட்டரங்கப்பா பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அரக்கு வைக்கிறவர் வாசலில் நின்றிருந்தார்.