சித்தி பிரித்த ஐம்பது தோட்டாக்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, டெக்சஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் எங்கள் வீட்டு கராஜில் சித்தி தோட்டா செய்யத் தொடங்கினாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் உடனே சொல்லிவிடுகிறேன்: அவள் சுட்டதெல்லாம் காகிதத்தைத்தான்.

சித்தி அம்மாவின் தங்கை. ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்துகள் தயாரித்துக் கொடுக்கும் பிரிவில் வேலை. அந்தக் கோடையில் வேலைக்குப் போகாமல் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே இருந்தாள். ரெஸ்ட் எடுக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ரெஸ்ட் எடுப்பவர்கள் ஏன் இவ்வளவு மெலிகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. ஒரு சனிக்கிழமை சிநேகிதி ஒருத்தி அவளைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அழைத்துப்போனாள். அன்று திரும்பி வந்தவள் இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதனால் அடுத்த சனிக்கிழமையும் போவதை யாரும் தடுக்கவில்லை.

சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புதிதாக வெடிமருந்து நிரப்பித் தோட்டாவைத் தானே செய்துகொள்ளப் போவதாக அவள் அறிவித்த அன்றுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, ஆஸ்பத்திரியில மருந்து அளந்தது போதாதா? குழந்தை இருக்கிற வீடு இது!"

சொன்னவுடனே அம்மா முகம் மாறிப் போய்விட்டது. சித்தி எழுந்து மாடிக்குப் போனாள். குழந்தை என்று என்னைச் சொன்னதில் எனக்குத்தான் கோபம்.

முதலில் தோட்டா செய்வதைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வந்தது. மூன்று வாரம் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். பிறகு கடைக்குப் போனோம். தாடி மார்பு வரை தொங்கிய விற்பனையாளர் எங்களை நேராக ஒரு பெரிய இயந்திரத்திடம் கூட்டிப்போனார். சுழலும் தட்டு, மேலே மருந்து நிரப்பும் குழாய், பக்கவாட்டில் நீண்ட பிடி. பிடியை இழுக்க இழுக்க, தட்டு ஒரு படி சுழன்று, முழுத் தோட்டா ஒன்று 'டக்'கென்று கிண்ணத்தில் விழுந்தது. அதுவரை நான் பார்த்திருந்த இயந்திரங்களிலேயே அழகானது அதுதான்.

சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மருந்து போட்டபின் ஒவ்வொரு கூட்டையும் எடுத்து உள்ளே பார்க்க முடியுமா? பார்க்கலாம், ஆனால் வேகம் போய்விடும், இதை வாங்குவதே வேகத்துக்குத்தான் என்றார் அவர். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து ஒற்றைப் பிடி வைத்த சிறிய இரும்புக் கருவியை எடுத்து வைத்தார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே செய்யும். பார்க்க எலுமிச்சை பிழிவதுபோல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சித்தி அதையே வாங்கினாள். கூடவே ஒரு முள் தராசு, கூடுகளை வரிசையாக நிறுத்தி வைக்க ஐம்பது குழி வைத்த மரப்பலகை, தவறாகச் செய்த தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல் போன்ற ஒன்று.

ஆனால் வேலை தொடங்கியதும் அந்தப் பெரிய இயந்திரம் எனக்கு மறந்தே போனது. கராஜில் ஃபேன் கூடாது, தராசு முள் ஆடும். பேச்சு கூடாது. இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. டெக்சஸ் வெயிலில் நெற்றியிலிருந்து வியர்வை சொட்ட, சித்தி கருமணி கருமணியாக மருந்தைத் தராசில் உதிர்ப்பாள். முள் மெல்ல ஏறி, தயங்கி, கோட்டில் நிற்கும். அதுவரை நான் மூச்சு விடமாட்டேன். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளரை எடுக்கும்போது நடுங்கும் அதே விரல்கள் இங்கே நடுங்கவில்லை.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். அவள் டார்ச் அடித்துப் பார்த்த ஐம்பது கூடுகளையும் நான் மறுபடி பார்த்து, மருந்து ஒரே மட்டத்தில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓகே சொல்ல வேண்டும். ஒரு கூட்டில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடித்துவிடும் என்றாள்.

"நான் பார்த்துட்டேன்னு நெனச்சு நீ பார்க்காதே. நான் பார்க்கவே இல்லைன்னு நெனச்சுப் பாரு."

மூன்றாவது வரிசையில் இருந்தபோது தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டது. என் வாய் ஓகே, ஓகே என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கண் வாசலில் இருந்தது. சித்தி ஒவ்வொரு கூட்டின் வாயிலும் ஈயக் குண்டைப் பொருத்தி மூடி முடித்தாள். ஐம்பதும் பெட்டியில் பொன்னாக மின்னின. மறுநாள் ரேஞ்ச்.

மதியம் சித்தியும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் தமிழில் கேட்டால் நான் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். அன்று எப்படியோ தமிழ் வந்தது.

"சித்தி, நான் சிலதைப் பார்க்கல. சும்மா ஓகே சொன்னேன்."

"எதெது?"

"தெரியல. பிரிக்காம அப்படியே வெயிட் போட்டுப் பார்த்தா தெரியாதா?"

"கூடே ஒண்ணுக்கொண்ணு வெயிட் மாறும்டா. அதை நம்ப முடியாது."

சித்தி திட்டவில்லை. எழுந்து கராஜுக்குப் போனாள். ஒரு தோட்டாவை அந்தச் சுத்தியலுக்குள் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினாள். குண்டு கழன்றது. மருந்தைத் தராசில் கொட்டினாள். முள் கோட்டில் நின்றது. அடுத்தது. இப்படி ஐம்பது. சத்தம் கேட்டு வந்த அம்மா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, கழன்ற குண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பதும் சரியாகவே இருந்தன.

கடைசித் தோட்டா முடிந்ததும் சித்தி என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியே. சொல்லிட்டியே," என்றாள். பிறகு அழுதாள்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போனாள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா அந்தக் கோடையைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவு மாறிவிட்டது. அவர் பிழைத்ததே பெரிது. சித்திதான் தவறாக அளந்துவிட்டாள் போலும் என்று நான் நினைத்தேன். இல்லை, அளந்தது வேறொருவர் என்றாள் அம்மா. அதை மறுபடி பார்த்து ஓகே என்று கையெழுத்துப் போட வேண்டியவள் சித்தி. பார்க்காமலே போட்டிருந்தாள்.

அன்று கராஜில் எனக்கு இதொன்றும் தெரியாது. ஐம்பதும் சரியாக இருக்கும்போது இவள் எதற்கு அழுகிறாள், வேலை வீணாய்ப் போனதற்கா என்று நினைத்து, நாளைக்கு எல்லாவற்றையும் மறுபடி செய்துவிடலாம் என்று சித்திக்கு ஆறுதல் சொன்னேன்.