இன்வெர்ட்டர் சரிசெய்ய வந்தவர்

மகளின் ஆக்சிஜன் மெஷினுக்காக வாங்கிய இன்வெர்ட்டர், பேட்டரி நிறைந்திருந்தும், கரண்ட் போன கால் மணி நேரத்தில் நின்றுவிட்டது. கரண்ட் திரும்பி வருவதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. மறுநாள் உத்திரமேரூர் கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சிவப்பு நெயில் பாலிஷ் குப்பி.

"பேட்டரி நல்லாத்தான் கீது சார். வோல்ட்டேஜ ஒப்பிட்டுப் பாக்குற ஐசி சிப்பு, சூடானா ஆஃப் பண்ற எல்லைய ஏத்திக்குது. நல்ல பேட்டரியவே காலின்னு நெனச்சு ஆஃப் பண்ணிடுது."

"உடனே சரி பண்ணிடுங்களேன்."

"ஆறிக் கெடக்கும்போது அந்த எல்லைய திருகி வெச்சா நேத்து மாதிரிதான் ஆவும்."

மூடியைப் போட்டு, பல்பு மாட்டி, உள்ளே சூடேற அரை மணி நேரம் ஓடவிட்டார். பிறகு மூடியைத் திறந்து, மீட்டரைப் பார்த்தபடி சின்னத் திருகாணியை மயிரிழையளவு திருப்பி, அதன்மேல் ஒரு சொட்டு பாலிஷ் வைத்தார். "இனிமே நீங்களே நோண்டுனாலும் அசையாது."

மெஷினை அதில் மாட்டிவிட்டு, மெயினை அணைக்கச் சொன்னார். என் கை எழவில்லை. அவரே அணைத்தார். மெஷின் ஓடியது. கால் மணி நேரம் கடந்தது. அவர் கிளம்பவில்லை. மகளின் கட்டிலருகே இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சர்க்யூட்டைச் சோதிக்கவா, என் பயம் அடங்கவா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.